சிங்கப்பூர்ச் சாமான், ஜப்பான் ஆட்டம்: வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் எனாமல் தூக்குகளுக்கு நடுவே சூப்பர் ஃபேமிகாம் பெட்டியும் (நிண்டெண்டோவின் பழைய வீடியோ கேம் பெட்டி) ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டக் கேசட்டும் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். ரூ.9,000 சொல்கிறார்கள். சின்ன வயதில் அண்ணனோடு சண்டை போட்டு ஆடியது. வாங்கலாமா?
- வாசகர், கோட்டையூர்

பதில்: வாங்கலாம், கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு. ஆனால் அவசரப்பட்டு பிளக்கைச் செருகிவிடாதீர்கள். அடாப்டரில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் புகைந்துவிடும். இடையில் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கேசட்டில் போலி அதிகம். மேலே ஒட்டிய படத்தை நம்பாதீர்கள், அதை எங்கு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயர் இல்லாமல், சிப் இருக்கும் இடத்தில் கருப்புப் பொட்டு மட்டும் தெரிந்தால் நகல்தான். தூணைத் தட்டியே தேக்கா என்று சொல்லிவிடும் ஊர்க்காரருக்கு இதெல்லாம் பெரிய வேலையா என்ன!

பலர் கோட்டைவிடுவது கன்ட்ரோலரில். இந்த ஆட்டத்துக்கு மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன் வேண்டும். அவற்றில் இரண்டு தோளில் இருக்கும் எல், ஆர். அவற்றையும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் ரியூ என்ற வீரரை எடுத்து ஹடோக்கென் (கையிலிருந்து பாயும் சக்திப் பந்து) போடுங்கள், இடப்பக்கம் நின்று பத்து, வலப்பக்கம் நின்று பத்து. கீழே, சாய்வு, முன்னே, குத்து. பாதி வராவிட்டால் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கலாம். (உங்கள் விரலும் தேய்ந்திருக்கலாம், அதைக் கடைக்காரர் தலையில் கட்டாதீர்கள்.)

ஒரு நிம்மதி: கதை ஆட்டக் கேசட்டுகளில் சேமிப்புக்கென்று இருக்கும் பேட்டரி செத்தால் ஆடியதெல்லாம் போய்விடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஆட்டத்தைத் தயாரித்த காப்காம் நிறுவனம் 1993 முதல் ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கு) தந்த சிபிஎஸ்-2 பலகைகளோ, பேட்டரி தீர்ந்ததும் ஆட்டமே ஓடாமல் நின்றுவிடும்.

அண்ணனோடு ஆடினால் போதும் என்றால் 2018-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் முப்பதாம் ஆண்டுத் தொகுப்பில் ஆர்கேடு வடிவமே இருக்கிறது. பிஎஸ்4, ஸ்விட்ச், கணினியில் ஓடும். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். பெட்டிதான் வேண்டுமென்றால் ‘ஓடும் நிலையில் விற்றது’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடாப்டர் 100 வோல்ட் என்றால், டிரான்ஸ்ஃபார்மர் செலவைச் சொல்லியே விலையைக் குறையுங்கள்.