போட்டோ பிரேமுக்கு எந்த டேப்?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ, 1961-இல் எடுத்தது. சில வருடங்களுக்கு முன் புது பிரேம் போட்டோம். பின்னால் ஒட்டிய பிரவுன் டேப் இப்போது உரிந்து தொங்குகிறது. உள்ளே ராமபாணப் பூச்சி ஓடுகிறது. போட்டோவின் மேல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பட்டையும் தெரிகிறது. எந்த டேப் வாங்கி ஒட்டினால் நிற்கும்?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

தொங்குகிற டேப்பைவிட அந்த மஞ்சள் பட்டைதான் எனக்குக் கவலை. போட்டோவை அட்டையில் நிறுத்த, உள்ளே செல்லோடேப்போ மாஸ்கிங் டேப்போ ஒட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாஸ்கிங் டேப் 1925-இல் கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிக்கும் வேலைக்காக வந்தது. ஒட்டி, வேலை முடிந்ததும் உரித்துவிட வேண்டியது. வருடக்கணக்கில் விட்டால் அதன் ரப்பர் பசை இளகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் அந்தக் கறை போகாது. நீங்களாகப் பிய்க்காதீர்கள், காகிதமும் சேர்ந்து வரும். முதலில் ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

போட்டோவின் மேல் எந்த டேப்பும் படக்கூடாது. அமிலமில்லாத காகிதத்தை முக்கோணமாக மடித்து, பழைய ஆல்பங்களில் இருப்பதுபோல் நாலு மூலையையும் அதில் செருகுங்கள். பசை அட்டையில் மட்டும் இருக்கட்டும். போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டையின் (போட்டோவைச் சுற்றி ஜன்னல்போல் வெட்டி வைக்கும் அட்டை) கனமாவது இடைவெளி வேண்டும். என் அப்பாவின் படம் ஒன்று ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போய் முகத்தில் பாதியை இழந்தோம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வெளி டேப்புக்கு வருவோம். அட்டைப்பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப் தூசி படிந்த மரத்தில் நிற்காது. தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப் மரத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் பசையே ராமபாணப் பூச்சிக்குத் தீனி. நான் நம்புவது ஏசி குழாய் வேலைக்குப் பயன்படும் அலுமினிய டேப்பைத்தான். அக்ரிலிக் பசை போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பிரேமின் முதுகில் மட்டும் ஒட்டினால் போதாது. கண்ணாடி, மவுண்ட், போட்டோ, பின் அட்டை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, நாலு விளிம்பையும் சுற்றி ஒரே பொட்டலமாக ஒட்டிவிட்டு, அதைப் பிரேமுக்குள் வையுங்கள். கண்ணாடியின் முன்பக்கம் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஏறினால் போதும், பிரேமின் உதடு மறைத்துவிடும். ஒட்டுவதற்கு முன் கண்ணாடி விளிம்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள்.

இதை ஐப்பசி மழையில் செய்யாதீர்கள். அட்டையில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைத்துவிட்டால் பூஞ்சை வரும். நல்ல வெயில் காலத்தில், அட்டையை ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு ஒட்டுங்கள். மாட்டும்போது மழைச் சாரல் அடிக்கிற சுவர் வேண்டாம். பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும்.