தொழில் யார் பெயரில்?

கேள்வி: எனக்குச் சொந்த வள்ளம் உண்டு. என் மனைவி பத்து வருஷமாகக் கருவாடு போட்டு விற்கிறாள். இப்போது வங்கிக் கடன் வாங்கிப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்கிறாள். பெண்களுக்குப் பொறுமையும் சிக்கனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழில் என்றால் துணிச்சல் வேண்டுமே? என் பெயரில் பதிந்துவிட்டு, வேலையை அவள் பார்த்துக்கொண்டால் போதாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மண்டபம்

பதில்: போதாது.

பத்து வருஷமாக விற்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது, அதை நடத்துபவர் அவர். புதிதாக வரப்போவது கடன் மட்டும்தான். அந்தக் கடன் வரும் நேரத்தில் பெயர் மட்டும் ஏன் உங்களுடையதாக மாற வேண்டும்?

துணிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊரிலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் சின்னப்பாலம். அங்கே பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறவர்கள். பாறை கிழிக்கும், ஜெல்லி மீன் சுடும். அவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் உணவில் சேர்க்கும் அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்கப் போகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அங்கே பாசி எடுப்பதற்குக் கெடுபிடி கூடியபோது, இந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, சுரண்டாமல் கையால் பறிப்பது, அப்போது 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்காமல் இருப்பது. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு பரிசு வழங்கியது.

அன்றாடக் கூலியை நம்பி வாழ்கிறவர் தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டு, பாசி திரும்ப வளரட்டும் என்று காத்திருந்தார். தொழிலின் மூலதனத்தைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். வட்டிக்கு வாங்கிப் பெரிய எஞ்சின் போடுவதை நாம் துணிச்சல் என்கிறோம். இதற்கு மட்டும் "பொறுமை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தச் சொல்லைப் பாராட்டுபோலச் சொல்லி, பெண்ணின் கணக்கையும் அறிவையும் மறைத்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் மனைவி என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் கலங்கும், வடகடலில் எந்த மீன் படும், எந்த ஏலத்தில் விலை இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். நெத்திலி எத்தனை வெயிலில் காயும், சீலாவுக்கு எவ்வளவு உப்பு, பச்சை மீன் காய்ந்தால் எடை எவ்வளவு குறையும், அப்புறம் கிலோவுக்கு என்ன விலை சொன்னால் கட்டும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் காயப்போட முடியாது, அதற்கு முன்பே சரக்குச் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும்போது பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டைக் கேட்டு ஆள் வரும். ஒரு நிறுவனம் இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும். இது யாருக்கும் பிறவியில் வந்த குணமில்லை. பத்து வருஷம் வெயிலில் நின்று கற்றது.

இன்னொன்றும் அவரிடம் இருக்கிறது: சொல் சுத்தம். காலையில் ஏலத்தில் கடனுக்கு எடுத்து, விற்றுவிட்டு அன்றே கொடுக்கிற பெண்ணுக்குத்தான் மறுநாளும் மீன் கிடைக்கும். நம் பக்கம் பெரும்பாலான பெண்கள் பேரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. அடகு வைக்கப் பத்திரம் இல்லாதவருக்கு நாணயமே ஈடு. 1992-ல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தபோது நம்பியது இந்த நாணயத்தைத்தான்.

சரி, உங்களுக்குப் புரிகிற ஒரு கணக்கும் சொல்கிறேன். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளித் திட்டங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம், பெண்களுக்கு 60 சதவீதம். பெயரை மாற்றினால் கையில் வருவதை நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மானியத்துக்காக மனைவி பெயரைப் போட்டுவிட்டு, பணத்தை எடுத்து வலையும் டீசலும் வாங்கும் கணவர்கள் உண்டு. கடைசியில் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது அந்தப் பெண். கடன் அவர் பெயரில் என்றால் கணக்குப் புத்தகம், ஏடிஎம் அட்டை, ஓடிபி வரும் போன் எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் வள்ளத்துக்குப் பணம் தேவைப்பட்டால் அவரிடம் கேளுங்கள். மறுத்தால் கோபப்படாதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது. மணலில் காயப்போடுவதை விட்டு, இடுப்புயரத்துக்குப் பரண் கட்டி வலை விரித்துக் கொடுங்கள். மண் ஒட்டாத கருவாட்டுக்கு விலையே வேறு. அவர் ஏலத்துக்குப் போகும் காலை வேளையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, இந்த வாரமே அவர் பெயரில் போட்டுவிடலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போங்கள். மேலாளர் பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசத் தொடங்குவார். "அவங்ககிட்ட கேளுங்க சார், தொழில் அவங்களோடது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு உட்காருங்கள்.