கொழும்பில் மாடிவீட்டில் இருந்துகொண்டு எயார் ரைஃபிளுக்குக் காற்றடிக்கும் ஹை பிரஷர் கம்பிரசர் வைக்க முடியுமா?

முடியும். வெள்ளவத்தையில், இரண்டாம் மாடியில், துணி காயப்போடும் பின்பக்கப் பால்கனியில் நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் "எந்த மெசின் நல்லது, 300 பார் தேவையா, 200 போதுமா" என்று மட்டும்தான் இருக்கிறது (பார் என்றால் காற்றழுத்தத்தின் அளவு). 2023 இல் நானும் அதை மட்டும்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இந்தப் பதிலில் பாதி தண்ணீர்க் கதைதான். மெசினின் பெயர் மட்டும் வேண்டுமென்றால் அடுத்தவருடைய பதிலுக்குப் போய்விடுங்கள், கோபிக்க மாட்டேன்.

துவக்கு உங்களிடம் முறைப்படி அனுமதியோடு இருக்கிறது, அல்லது எங்களுடையதைப் போலக் கிளப்பின் இரும்பு அலமாரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் இன்னும் சரிவரவில்லை என்றால் கம்பிரசரை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். என் மகள் 10 மீற்றர் எயார் ரைஃபிள் சுடுகிறாள். குண்டு 4.5 மில்லிமீற்றர், பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீற்றர். அந்தப் போட்டித் துவக்குகளில் குண்டைத் தள்ளுகிற காற்று அடைத்த சிலிண்டரைத் தனியாகக் கழற்றலாம். வீட்டுக்கு வருவது அந்தச் சிலிண்டர் மட்டும். "பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கு பழக்குகிறாயா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "காசுக்காரர் விளையாட்டு" என்று எழுத வருகிறவர்களுக்கும் ஒன்று: நான் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பார்க்கிறவன், கார் இல்லை. பொறியியலாளனும் இல்லை. கீழே உள்ளது கைசுட்டுப் படித்தது.

கம்பிரசருக்கு முன் என்ன செய்தோம் என்றால், கல்கிசைப் பக்கம் கடலுக்குள் சுழியோடுகிறவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பும் ஒரு கடைக்குக் கொண்டுபோவோம். அவர்களுடைய காற்று நல்ல உலர்ந்த காற்று, குறை சொல்ல முடியாது. மனிதர் சுவாசிக்கிற காற்று அல்லவா. ஆனால் மேற்குக் கரையில் அந்தத் தொழில் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிக் கடல் குழம்பினால் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்குக் கரையில் இருக்கும் நிலாவெளிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்குப் போட்டி வருகிறதோ சரியாக ஜூன், ஜூலையில்.

அந்தக் கடைக்குப் போய்வந்த காலத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலி வீதியில் ஓட்டோவை மறித்தார்கள். மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் இருந்து, ஒரு முழ நீளத்தில், அழுத்தமானி வைத்த அலுமினியச் சிலிண்டர் வெளியே வருகிறது. அடையாள அட்டையில் என் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அந்த ஆமிப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "மே மொகக்த?" என்றான் சிங்களத்தில், இது என்ன என்று. மகள் நிதானமாக, "மே ஹுளங் விதரய், அய்யே" என்றாள். வெறும் காற்றுத்தான் அண்ணா, அவ்வளவுதான். அவன் சிலிண்டரைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தான், சிரித்தான், போகச் சொன்னான். வீடு வரும் வரை ஓட்டோக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிக் காசும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமையே கிளப்பில் இருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன். மெசின் வாங்குவதற்கு முன் கடிதத்தை வாங்குங்கள்.

2022 இல் பெட்ரோல் வரிசைக் காலம் வந்தது. கல்கிசைக்குப் போவதே பெரும் பாடு. கைப்பம்ப் வாங்கினோம், சைக்கிள் பம்ப் மாதிரி நின்றுகொண்டு அடிப்பது. 150 பார் வரை ஒரு மாதிரி இறங்கும். அதற்கு மேல் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்க வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துப் பாருங்கள். கறண்ட் இல்லாத இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் அடிக்க, மகள் அழுத்தமானியைப் பார்த்துச் சொல்ல, மனைவி என் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல, அப்படியே ஒரு வருடம் போனது.

அப்புறம்தான் இந்த மெசின். சீனாவில் செய்தது, 1.8 கிலோவாட், காற்றை அமுக்க உள்ளே இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிர்விப்பது. ஒரு வாளித் தண்ணீருக்குள் மீன்தொட்டிப் பம்ப் போல ஒன்று கிடந்து தண்ணீரைச் சுற்றவிடும். விற்றவர் விரல் தடிப்பில் ஒரு வடிகட்டியைத் தந்தார், உள்ளே ஒரு பஞ்சுக் கட்டை. "இது போதுமா அண்ணை?" என்று கேட்டேன். "தாராளமாப் போதும் தம்பி, எல்லாரும் இதுதான்" என்றார்.

முதல் நாளே மல்ட்டி பிளக்கில் குத்தி ஓட்டினேன். 1.8 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் எட்டு அம்பியர் வரும், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பிளக் உருகி வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். பிறகு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மெயின் பெட்டியில் இருந்து அதற்கென்று தனி வயர் இழுத்தோம். வாளித் தண்ணீரும் கறண்டும் ஒரு முழ தூரத்தில் இருக்கின்றன. கறண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று மாதம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

இரண்டு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். சிலிண்டரை நேரே மெசினில் பூட்டினால் ஒரு நிமிடத்துக்குள் 200 பார். பிறகு ஒரு நாள் மகள், "அப்பா, குண்டு மேலையும் கீழையும் போகுது" என்றாள். கண்ணைச் சோதித்தோம். குண்டு டப்பாவை மாற்றினோம். நான் வேறு, பரீட்சை நேரம், பிள்ளைக்கு மனசு ஒரு இடத்தில் இல்லை என்று பெரிய மனுஷத்தனமாக ஒரு அறிவுரை சொன்னேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. ஒரு போட்டியில் மோசமாகச் சுட்டுவிட்டு வந்து இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் கிளப்பில் துவக்கு திருத்துகிறவர் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சிலிண்டரின் வால்வைக் கழற்றிக் கவிழ்த்தார். தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக ஊற்றியது. தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. உள்ளே அலுமினியம் பூத்துப்போய் இருந்தது. சிலிண்டர் சரி, துவக்குக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யும் ரெகுலேட்டரும் சரி, இரண்டும் போச்சு. அது கிளப்பின் துவக்கு. தவணை முறையில் கட்டி முடித்தேன்.

என் பிழையை எனக்கு விளக்கியவர் கீழ்வீட்டு அங்கிள். சிங்களவர், கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் என்ஜினைக் கிளப்புவதே 30 பார் காற்றால்தானாம். அந்தக் காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்துவிடுவது அவருடைய முதல் வேலையாம். ஒரு துண்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். கொழும்பு வெக்கையில் ஒரு கன மீற்றர் காற்றில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. காற்றை அமுக்கிச் சின்னதாக்கலாம், ஆனால் அந்தச் சின்ன இடத்தில் அவ்வளவு ஆவி நிற்காது, ஆறியதும் தண்ணீராக விழும். மகளின் சிலிண்டர் 0.2 லீற்றர். 100 பாரில் இருந்து 200 க்கு ஏற்ற 20 லீற்றர் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதில் அரைக் கிராம் தண்ணீர், அதாவது ஒரு பத்துத் துளி. மெசினின் வடிகால் கொஞ்சத்தைப் பிடிக்கும். ஆனால் காற்று சூடாக வருவதால் மிச்சம் ஆவியாகவே தப்பி வந்து சிலிண்டருக்குள் ஆறும். காற்று வெளியேறும், தண்ணீர் அங்கேயே கிடக்கும். கிழமைக்கு நாலைந்து தடவை, இரண்டு மாதம். குளிர் நாட்டில் இருந்துகொண்டு "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று காணொளி போடுகிறவர்களை நம்பி நாம் வாங்குகிறோம். அவர்களுடைய காற்று வேறு.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், மெசினுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு தடித்த வடிகட்டிக் குழாய். உள்ளே மொலிக்யூலர் சீவ் என்கிற, ஈரத்தை உறிஞ்சும் மணிகளும், எண்ணெய் வாடைக்குக் கரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரைத் துப்பவிடுகிறேன். முக்கியமாக, மகளின் சிலிண்டரை மெசினில் பூட்டுவதே இல்லை. தீயணைப்புக்காரர் முதுகில் போடுகிற 6.8 லீற்றர் கார்பன் சிலிண்டர் ஒன்று வாங்கி, அதை 300 பாருக்கு ஏற்றி வைத்து, அதில் இருந்து மெதுவாக 200 க்கு இறக்குகிறோம். ஒரு தடவை ஏற்றினால் முப்பது தடவையாவது வரும். பெரிய சிலிண்டரை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, மெசினை ஆறவிட்டு, மறுபடி. வாளிக்குள் ஐஸ் போடுங்கள்.

இன்னொரு தந்திரம், இது என் சொந்த மூளை, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். மெசின் காற்றை உறிஞ்சுகிற வாயில் ஒரு குழாயை மாட்டி, ஜன்னல் வழியாகப் படுக்கையறைக்குள் விட்டேன். அங்கே ஏசி. ஏசி ஏற்கெனவே காற்றில் இருந்த தண்ணீரில் பாதியைப் பிழிந்து வெளியே சொட்டவிட்டிருக்கிறது அல்லவா? அந்தக் காற்றை மெசினுக்குக் கொடுத்தால் வடிகட்டி மணிகள் இரண்டு மடங்கு நாள் வருகின்றன. "உங்கட காத்தடிக்கிற விசருக்கு என்ர அறைதான் கிடைச்சதோ" என்றாள் மனைவி. அங்கிள் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்.

சில விஷயங்களில் விளையாடாதீர்கள். ஒக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கிறதே, அதில் இருந்து ஏற்றலாமே என்று உங்களுக்கும் யாராவது சொல்லுவார்கள். அழுத்தமான ஒக்சிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடி. காற்றுக் கசியாமல் போடுகிற றப்பர் வளையத்துக்கு, அதுதான் ஓ-ரிங்குக்கு, வண்டிக் கிரீஸ் பூசினாலும் அதே ஆபத்துத்தான், அமுக்குகிற சூட்டில் அது டீசல் என்ஜின் மாதிரிப் பற்றும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும். குழாயில் காற்றை இறக்கிவிட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். போட்டித் துவக்குச் சிலிண்டர்களுக்கு ஆயுள் எல்லை உண்டு, திகதி அதிலேயே அடித்திருக்கும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கிரைண்டர் அளவுக்கு வரும். அடியில் தடித்த றப்பர் மெத்தை போட்டு, சனிக்கிழமை பின்னேரம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டுகிறேன். அதற்கே மாடிவீட்டுக் கமிட்டியில் இருந்து கடிதம். மேல்மாடியில் சாமத்திய வீடு என்று இரவு பதினொரு மணி வரை பாட்டுப் போட்டபோது வராத கடிதம். ஆறு மாதமாக லிப்ட் இரண்டாம் மாடியில் நிற்காமல் மூன்றாம் மாடிக்குப் போய் இறங்கியதே, அதற்கும் கடிதம் இல்லை. அதைவிட எரிச்சல், பதினொரு வீட்டில் ஒன்பது தமிழ் வீடு, செயலாளரும் தமிழர், கடிதம் மட்டும் ஆங்கிலத்தில். படியில் கண்டால் "எப்படித் தம்பி சுகம்" என்று தமிழில் கேட்கிறவர், குறை சொல்ல மட்டும் வேறு பாஷைக்குப் போகிறார். நான் தமிழில் பதில் எழுதி, அங்கிளுக்கும் விளங்க வேண்டும் என்று மகளைக் கொண்டு சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

சரி, எந்த மெசின் என்பதற்கு: 300 பார் ஏறுகிற, அளவு மீறினால் உடைகிற பாதுகாப்புத் தகடு உள்ள எதுவும் வேலை செய்யும். மெசினுக்கு வைத்திருக்கிற காசில் மூன்றில் ஒரு பங்கையாவது வடிகட்டிக்கு ஒதுக்குங்கள். எங்கே வாங்கினேன் என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பஞ்சுக் கட்டை தாராளமாகப் போதும் என்று சொன்னவரின் கடை அது.