இரண்டு குழுவை ஒன்றாக்கலாமா? பனிச்சறுக்குப் பள்ளி: கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்கள் அதிகம். பாடசாலைகளின் விளையாட்டு விடுமுறை நெருங்கினால் எப்போதும் இப்படித்தான். சிறு பள்ளி நடத்துகிறவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள், பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

சுவிஸில் சிறியதாக ஒரு பனிச்சறுக்குப் பள்ளி தொடங்க விரும்புகிறேன். என்ன அனுமதி வேண்டும்? (சூரிச்)

பள்ளியை எந்தக் கன்டோனில் (மாநிலத்தில்) தொடங்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. உங்களிடம் என்ன தகுதி இருக்கிறது என்றும் எழுதவில்லை. இந்த இரண்டும் தெரியாமல் பாதிப் பதில்தான் தர முடியும். பிஸ்டுக்குள் (குறியிட்டுப் பராமரிக்கும் சறுக்குப் பாதைக்குள்) மட்டும் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் விதிகள் கன்டோனுக்குக் கன்டோன் மாறும். கிராமசபையிலும் லிஃப்ட் கம்பனியிலும் முதலில் போய்க் கேளுங்கள். பழகுசரிவில் உங்களுக்கு இடம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

லிஃப்ட் கம்பனியின் பொறுப்பு முடியும் எல்லைக்கு அப்பால், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போனால் அங்கே மத்திய சட்டம் வந்துவிடும். 1999-ல் இன்டர்லாக்கனுக்கு அருகே சாக்செட் ஓடையில் வழிகாட்டிகளோடு சாகசப் பயணம் போனபோது திடீரென்று வெள்ளம் வந்து 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல வருடம் விவாதித்து இயற்றிய சட்டம் 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் வேண்டும். குறைந்தது 50 இலட்சம் பிராங்குக்குப் பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். அந்தப் பத்திரம் கைக்கு வரும்வரை ஒருவரையும் மேலே கூட்டிப் போகாதீர்கள்.

ஆஸ்திரியாவில், டிரோலில் தொடங்குவது இதைவிடச் சுலபம் என்கிறார்களே? (வின்டர்தூர்)

யார் சொன்னது? அங்கே டிப்ளோம் ஆசிரியருக்கான அரசுத் தேர்வை முடித்திருக்க வேண்டும், அதற்கு மேல் தொழில் நடத்துவதற்கான தேர்வு ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸுக்குப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அங்கே யூரோடெஸ்ட் இருக்கிறது: ஜயன்ட் ஸ்லாலோம் ஓட்டத்தில் (நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்குவது), அடிப்படை நேரத்தைவிட ஆண்கள் 18 சதவீதத்துக்குள்ளும் பெண்கள் 24 சதவீதத்துக்குள்ளும் இறங்கி முடிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் காசுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே குற்றம்.

மகளுக்குக் கால் எப்போதும் குளிர்கிறது. இரண்டு காலுறை போட்டு அனுப்பலாமா? (பேர்ன்)

கூடாது. மெல்லிய ஒரே காலுறை, முழங்கால் வரை. இரண்டு போட்டால் சப்பாத்து இறுகி இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

விடுமுறைக் கிழமைக்கு நீல இளவரசர் நிலையில் (தொடக்க நிலை) ஐந்து பிள்ளைகளும் நீல நட்சத்திர நிலையில் (அதைவிட மேல் நிலை) மூன்று பிள்ளைகளும் பதிந்திருக்கிறார்கள். மொத்தம் எட்டுப் பேர்தானே, ஒரே ஆசிரியரிடம் விட்டால் என்ன? (துன் ஏரிப் பக்கத்துப் பள்ளிப் பொறுப்பாளர்)

விடாதீர்கள். பல வருடமாக இதையே எழுதுகிறேன். ஒவ்வொரு பெப்ரவரியிலும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள்.

எட்டுப் பேரும் ஒரே நிலையில் இருந்தால் எட்டு நல்ல எண். நீல இளவரசர் நிலைப் பிள்ளை பீட்சா போட்டுத்தான் (ஸ்கி முனைகளை உள்பக்கம் சேர்த்து) நிற்கும், பீட்சா போட்டுத்தான் திரும்பும். அதற்கு, நிற்கிறவரை மேலே கொண்டுபோகும் உருளும் கம்பளமும் சாய்வு குறைந்த சரிவும் போதும். நீல நட்சத்திரப் பிள்ளை ஸ்கிகளை இணையாக வைக்கப் பழகுகிறது, அதற்கு நீளமான சரிவு வேண்டும், டி-பார் லிஃப்ட் (ஸ்கியில் நின்றபடியே ஆளை மேலே இழுத்துப் போகும் கம்பி) வேண்டும். இரண்டையும் ஒரே கையில் கொடுத்தால் ஆசிரியர் எங்கே நிற்பார்? கம்பளத்தடியில் நின்றால் மூன்று பேர் ஐந்து நாளும் ஒன்றும் படிக்காமல் வீட்டுக்குப் போவார்கள். டி-பாருக்குப் போனால் ஐந்து பேர் பயந்து போவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது சீசனில், ஒரு பள்ளியில், இப்படி ஒன்பது பேரை என்னிடம் தந்தார்கள். திங்கட்கிழமை காலை, நல்ல வெயில். பெரியவர்கள் நால்வர் மேலே போய்விட்டார்கள். சின்னவர்களை இரண்டிரண்டாக ஏற்றி விட்டு, கடைசிப் பிள்ளையோடு நானும் ஏறினேன். மேலே போய் எண்ணினேன். எட்டு. இன்னொரு தடவை எண்ணினேன், எட்டுதான். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று பாதி வழியில் டி-பாரிலிருந்து விழுந்து, பாதையோரப் பள்ளத்துக்குள் உருண்டிருக்கிறது. நான் அதே பாதையில்தான் ஏறிப் போனேன். பக்கத்துப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனதில் பள்ளத்தைப் பார்க்கவில்லை. நான் திரும்பி இறங்கி வந்தபோது அவள் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு ஸ்கி கழன்று கிடந்தது. வலது கையுறை கழன்று, அதற்குள் பனி நிரம்பி, விரல்கள் சிவந்திருந்தன. அழவில்லை. "நீங்க என்னைப் பார்க்கவே இல்லை" என்று மட்டும் சொன்னாள். மேலே எட்டுப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுத்தான் நான் அவளிடம் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று மாலை பொறுப்பாளரிடம் போய்க் குழுவைப் பிரிக்கச் சொன்னேன். ஆளில்லை என்றார். அந்தக் கிழமை முழுவதும் அதே ஒன்பது பேர்தான்.

ஆளில்லை என்பது பெரும்பாலும் காசில்லை என்பதன் இன்னொரு பெயர். சரி, காசையே பார்ப்போம். ஆசிரியருக்கு மணிக்குச் சுமார் 30 பிராங்க், பள்ளி கட்டும் பங்கும் சேர்ந்தால் 35 என்று வையுங்கள். அரைநாள் வகுப்பு இரண்டு மணி நேரம், ஐந்து நாளுக்குப் பத்து மணி: 350 பிராங்க். மூன்று பிள்ளைகளின் பெற்றோர் தலைக்கு 200 கொடுத்தால் 600 ஆகிறது. மூன்றே பேர் உள்ள குழுவிலும் கை நட்டம் வராது. இலாபம் குறையும், அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்த மூன்று குடும்பமும் திரும்பி வந்தால் அதுவும் குறையாது.

அப்புறம் இன்னொரு விடயம். பதிவுத்தாளில் பெற்றோர் எழுதும் நிலையை நம்பிக் குழு பிரிக்காதீர்கள். "போன முறை சிவப்பு முடித்துவிட்டான்" என்பார்கள். சிவப்பு என்பது நீலத்துக்கு அடுத்த நிலை. போன முறை என்பது மூன்று வருடத்துக்கு முன்பாக இருக்கும், பதக்கம் வேறொரு ஊரில் வாங்கியதாக இருக்கும். திங்கட்கிழமை முதல் 20 நிமிடம் எல்லோரையும் ஒரே சரிவில் நிறுத்தி, ஒவ்வொருவராக நான்கு திருப்பம் போடச் சொல்லுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் எந்தக் காலில் விழுகிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு பிரியுங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையை மாற்ற வேண்டி வந்தால் தயங்காமல் மாற்றுங்கள், பெற்றோருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

இது நான் கண்டுபிடித்ததும் அல்ல. ஹான்னஸ் ஷ்னைடர் சாங்க்ட் அன்டனில் 1921-ல் பள்ளி தொடங்கியபோதே ஆட்களைத் திறமை பார்த்து வகுப்பு வகுப்பாகத்தான் பிரித்தார். ஆல்ப்ஸ் பள்ளிகள் எல்லாம் அந்த வழியில் வளர்ந்தவை. நூறு வருடம் கழித்து ஒரு 350 பிராங்குக்காக அதைக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒன்றாக்கினாலும் ஒன்றாக்காவிட்டாலும்: லிஃப்டின் அடியில் தலை எண்ணுங்கள், மேலே போய்த் திரும்பவும் எண்ணுங்கள்.

எங்கள் ஆசிரியர்கள் சீசனுக்கு மட்டும்தான் வருகிறார்கள். அவர்களைச் சுயதொழில் செய்வோராகக் காட்டலாமா? (வலே)

நேரத்தை நீங்கள் சொல்கிறீர்கள், விருந்தினரை நீங்கள் தருகிறீர்கள், ஜாக்கெட்டும் உங்களுடையது. அப்படியானால் அவர் உங்கள் ஊழியர். ஆ.ஹா.ஃபௌ (முதியோர் காப்புறுதி) உள்ளிட்ட பங்களிப்பு சம்பளத்தில் 10.6 சதவீதம், பாதியை நீங்கள் கட்ட வேண்டும். வேலையில்லாக் காப்புறுதி தனி. கிழமைக்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு, வேலை முடிந்த பிறகு நடக்கும் விபத்துக்கும் உங்கள் காப்புறுதிதான். ஓய்வுநாளில் தனக்காகச் சறுக்கப் போய் முழங்கால் முறிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்தானே. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்.

25 கிலோ பிள்ளைக்கு பைண்டிங் எண் (விழும்போது சப்பாத்தை ஸ்கியிலிருந்து கழற்றிவிடும் பூட்டின் அளவு) எவ்வளவு வைக்க வேண்டும்? (ஆராவ்)

சொல்ல மாட்டேன். எடையை மட்டும் சொல்லி எண் கேட்கிற ஒவ்வொருவருக்கும் இதுதான் பதில். எடையோடு உயரம், வயது, சறுக்கும் பாணி, சப்பாத்தின் அடிநீளம் எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் பார்க்க வேண்டும். அடிநீளம் சப்பாத்தின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அண்ணனுடைய சப்பாத்தைத் தம்பிக்குப் போட்டால் அடிநீளம் மாறும், எண்ணும் மாறும். கடையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். திருகாணியை நீங்களே திருகாதீர்கள், ஆசிரியரும் திருகக் கூடாது.

பிஸ்டுக்குப் பக்கத்திலேயே புதுப்பனி கிடக்கிறது. 50 மீட்டர்தான். விருந்தினர் கேட்டால் எங்கள் பயிற்சி ஆசிரியர் கூட்டிப் போகலாமா? (கிரவ்புண்டன்)

முடியாது. 50 மீட்டரிலும் சரிவு உடையும். டாவோசிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையமான எஸ்எல்எஃப் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பாருங்கள். ஐந்தில் மூன்றாம் நிலை என்றால் நடுத்தரம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறப்பது அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் தேடுகருவி, மண்வாரி, துழாவுகம்பி மூன்றும் இருக்க வேண்டும், அவற்றைப் பாவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பயிற்சி ஆசிரியரிடம் இவை இருக்கின்றனவா என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

குழுவை எங்கே நிறுத்தி விளக்குவது? சறுக்கி வரும் மற்றவர்கள் திட்டுகிறார்கள். (லுட்சேர்ன்)

திட்டுவது நியாயம். ஒடுக்கமான இடத்திலும், மேலிருந்து வருகிறவருக்குத் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது என்பது எஃப்ஐஎஸ் (சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம்) விதிகளில் ஆறாவது. 1967-லிருந்து இருக்கும் விதிகள் அவை. ஓரத்தில், மேட்டுக்குக் கீழே அல்லாமல் மேட்டுக்கு மேலே நிறுத்துங்கள். பிள்ளைகளை உங்களுக்குக் கீழே ஒரே வரிசையில் நிறுத்தி, மேலே பார்த்தபடி நீங்கள் நில்லுங்கள். கிளம்பும் முன் தலை எண்ணுங்கள்.

பள்ளி 1,100 மீட்டரில் இருக்கிறது. டிசம்பரில் பனியில்லை. பதிந்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? (பேர்ன் ஓபர்லாண்ட்)

நீங்கள் அனுப்பிய நிபந்தனைத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கொடுத்துவிடுங்கள், அடுத்த சீசனுக்கு எழுதி வையுங்கள். எழுத்தில் வாங்குங்கள், எழுத்தில் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது. பனிப்பீரங்கியை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். காற்று உலர்ந்திருந்தால் சுழியப் பாகைக்கு அருகிலேயே பனி செய்யலாம், ஈரமாக இருந்தால் சுழியத்துக்குக் கீழே நான்கு ஐந்து பாகை வேண்டியிருக்கும். பள்ளத்தாக்கு மூடுபனியில் அது கிடைக்காத கிழமைகள் உண்டு. மேலே உயரத்தில் பழகுசரிவு வைத்திருக்கும் பள்ளி ஒன்றோடு இப்போதே பேசி வையுங்கள். வேனில் கூட்டிப் போகும் செலவு, காசைத் திருப்பிக் கொடுப்பதைவிடக் குறைவு.

இத்தாலிக்கு ஒருநாள் கூட்டிப் போகிறோம். பெரியவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமா? (டெசின்)

ஆம். முன்பு 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு மட்டும் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து எல்லோருக்கும். பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம், அதன் அத்தாட்சியைக் கையில் கொண்டு போங்கள்.

சென்னையிலிருந்து உறவினர் வருகிறார்கள். எங்கெல்பெர்க்கில் இரண்டு மணி நேரம் பழக்கிவிட்டால் போதுமா? (சூக்)

நிற்கவும் நிறுத்தவும் பழகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். நம்முடைய நிறத்துக்கு எரியாது என்று நினைக்கிறவர்கள் மாலையில் கண் எரிகிறது என்று வருவார்கள். நல்ல கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குக் கிரீம். ஜீன்ஸ் வேண்டாம். காலுறை ஒன்றே ஒன்று.

விபத்து நடந்தால் நேரே ரேகாவை (ஹெலிகொப்டர் மீட்புச் சேவை) அழைக்கலாமா? (பீல்)

பிஸ்டில் நடந்தால் முதலில் அந்த இடத்து மீட்பு அணியின் எண். லிஃப்ட் வரைபடத்தில் அச்சிட்டிருக்கும், ஆசிரியர்கள் எல்லோரும் கைபேசியில் சேமித்து வைத்திருக்க வேண்டும். ஹெலிகொப்டர் வேண்டுமென்றால் 1414. ரேகா உறுப்பினர் அட்டை காப்புறுதி அல்ல, அதை நம்பி விபத்துக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள்.

ஈஸ்டர் கிழமைக்கான வேலை அனுமதி பற்றி எழுதிய இருவருக்கும்: எந்தக் கன்டோன், ஆசிரியரின் குடியுரிமை என்ன, எத்தனை நாள் வேலை என்று மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.