ஆஸ்திரேலியப் பாலைவனப் பழங்குடி ஓவியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா? அந்தப் புள்ளிகளிலும் கோடுகளிலும் அப்படி என்னதான் இருக்கிறது?

நான் சொல்ல விரும்புவது எமிலி காமெ ஙுவாரேயைப் பற்றி. ஏறக்குறைய 1910-ல் பிறந்தவர், 1996-ல் மறைந்தவர். இவரைப் பற்றிப் பேசும் எல்லாரும் "எண்பது வயதை நெருங்கும்போதுதான் ஓவியம் வரையத் தொடங்கினார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவருடைய ஊர் அல்ஹால்கெரெ. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உட்டோப்பியா என்ற வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே துளை விழுந்த ஒரு பாறை உண்டு. அதை மூதாதையாக மதித்து மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துக்கொள்வார்கள். எமிலியின் மூக்கிலும் அந்தத் துளை இருந்தது. ஙுவாரே என்பது உறவுமுறைக் குழுவின் பெயர். காமெ என்றால் அந்த மண்ணில் விளையும் ஒரு கிழங்குக் கொடியின் விதை. ஆக, அவர் பெயரிலேயே அந்த நிலம் இருக்கிறது.

அவருடைய அன்மச்செரெ மக்களில் பெண்களுக்கென்று தனிச் சடங்கு உண்டு, அவெல்யெ என்பார்கள். காவிமண்ணைக் குழைத்து மார்பிலும் தோளிலும் கோடுகள் எழுதி, பாடி, ஆடுவார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பாட்டு, அதற்குரிய கோடு. எமிலி அந்தச் சடங்குகளை முன்நின்று நடத்திய மூத்த பெண். துணியைத் தொடுவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அவர் விரல்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தன, தோலிலும் மணலிலும்.

அந்த நிலம் வெள்ளையர்களின் மாட்டுப் பண்ணையாகியிருந்தது. அதைத் திரும்பக் கேட்டு 1979-ல் நில உரிமை விசாரணை நடந்தபோது இந்தப் பெண்கள் காட்டிய சாட்சியமே அவெல்யெதான். பட்டா என்று காட்ட அவர்களிடம் காகிதம் கிடையாது. பாடி ஆடித்தான் "இது எங்கள் மண்" என்று நிறுவினார்கள். நிலம் திரும்பக் கிடைத்தது. இதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1977-ல் பாத்திக் என்ற துணிச் சாயக்கலையைக் கற்றுக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். மெழுகை உருக்கி, துணியில் எழுதி, சாயத்தில் முக்கி, கொதிக்கவைத்து அலசும் வேலை. பத்தாண்டுகளுக்கு மேல் அதைச் செய்தார். வயதான உடம்புக்கு அந்த அலசல் பெரும்பாடு, கண்பார்வையும் மங்கியது. 1988-89 கோடையில் அக்ரிலிக் வண்ணமும் கித்தானும் கைக்கு வந்ததும் பாத்திக்கை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எட்டே ஆண்டுகளில் சுமார் 3,000 ஓவியங்கள் என்கிறார்கள்.

மெல்பர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் 'பிக் யாம் ட்ரீமிங்' ஓவியத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எட்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கோடுகள் பின்னிப் பின்னி ஓடுகின்றன, அவ்வளவுதான். பிறகுதான் தலைப்பில் வரும் 'யாம்', அதாவது எமிலியின் பெயரில் இருக்கும் அந்தக் கிழங்கைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ஒரே பேரினத்து உறவு அந்தக் கொடி. மேலே கொடி காய்ந்துபோனாலும் அடியில் கிழங்கு பருத்திருக்கும், பருக்கும்போது தரை வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் எங்கே தோண்டுவது என்று தீர்மானிப்பார்கள். மறுபடி போய் நின்றேன். அவை வெடிப்பும் வேரும் என்று அப்போது புரிந்தது. 1995-ல், தரையில் விரித்த துணியின் மேலேயே உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து இரண்டு நாளில் எழுதி முடித்தாராம். கிழங்கு தோண்டுகிறவர்களும் அப்படித்தானே குந்தி உட்கார்ந்து நகர்வார்கள்!

'ட்ரீமிங்' என்றதும் உறக்கத்தில் வரும் கனவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தையும் உயிர்களையும் மனிதர்களையும் உண்டாக்கி, இன்றுவரை பிணைத்து வைத்திருக்கும் மூதாதையர் நெறி அது. என்ன வரைகிறீர்கள் என்று எமிலியைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், எல்லாமே என்பதுதான்: கிழங்கு, முள் பல்லி, புல்விதை, ஈமு, ஈமு தின்னும் செடி, கிழங்கின் விதை, அவெல்யெ, அத்தனையும்.

அவருடைய 'எர்த்ஸ் கிரியேஷன்' ஓவியம் 2007-ல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரையும், 2017-ல் இருபது லட்சத்தையும் தாண்டி விலைபோனது. செய்திகளில் இதுதான் முதல் வரியாக வரும். அவர் உயிரோடு இருந்தபோது கையில் வந்த பணம் சுற்றத்துக்குப் போனது. வாங்க வந்தவர்களின் நெருக்கடியோ கடைசிவரை ஓயவில்லை. எனக்கு இந்தப் பகுதியை விரித்து எழுத மனம் வரவில்லை.

அவர் இறந்தது 1996 செப்டம்பர் தொடக்கத்தில். அதற்குச் சில வாரங்களுக்கு முன் மூன்று நாட்களில் 24 ஓவியங்கள் எழுதினார். புள்ளி இல்லை, கோடும் இல்லை. கித்தானுக்கு அடிப்பூச்சு பூசும் அகலத் தூரிகையை எடுத்து, இளஞ்சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக இழுத்துவிட்டிருக்கிறார். அவையும் அல்ஹால்கெரெதான்.