வீட்டில் பீர் காய்ச்சும் கிட்டில் ஸ்ட்ராங் ஏல் (ஆல்கஹால் கூடுதலான ஒரு வகை பீர்) காய்ச்சும்போது ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும்?

ஈஸ்ட் அளவு என்றால், ஆறிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு நொதிக்கத் தொடங்க நாம் தூவும் ஈஸ்ட்டின் எடை. கிட்டோடு வரும் பாக்கெட்டில் பெரும்பாலும் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும். 20-23 லிட்டர் சாதாரண ஏலுக்கு அது சமாளித்துவிடும். ஆரம்ப அடர்த்தி (நொதிக்கும் முன் சாறு தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு; சர்க்கரை கூடினால் இதுவும் கூடும்) 1.060-ஐத் தாண்டினால் அதை நம்பாதீர்கள். தனியாக விற்கும் 11 கிராம் பாக்கெட் இரண்டு போடுங்கள்.

ஏன்? அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. அப்புறம், செல்கள் தாமே உருவாக்கும் ஆல்கஹாலும் அவற்றை நலியச் செய்கிறது. செல்கள் குறைவாக இருந்தால், பெருகுவதிலேயே சாற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, களைத்துப் பாதியில் நின்றுவிடும். ஏல் திகட்டும் இனிப்போடு தங்கிவிடும். சில சமயம் தொண்டையை எரிக்கும் சாராய நெடியும் சேரும். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் தள்ளுவது போலத்தான் இது: இரண்டு பேருக்கு நடுவழியில் மூச்சு வாங்கும், நான்கு பேர் சேர்ந்தால் உச்சிக்கே போய்விடும்.

ஈஸ்ட்டைக் கூட்டினால் ஏல் இன்னும் வீரியமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எவ்வளவு ஆல்கஹால் வரலாம் என்ற உச்ச வரம்பு சாற்றில் உள்ள சர்க்கரையைப் பொறுத்ததுதான்.