மேசன் கல்லைத்தான் கணக்குப் பார்ப்பார், கூரையை அல்ல

"வீட்டு விஷயத்தில் செய்த தவறால் பெரிய தொகையை இழந்த அனுபவம் உண்டா? அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இனித்தான் வீடு கட்டப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயின்ற் உரிந்தது, குழாய் ஒழுகியது, தண்ணீர் மோட்டார் எரிந்தது, இவையெல்லாம் ஒரு மாதச் சம்பளத்தோடு போகிற பிழைகள். நான் சொல்லப் போவது ஒரு குடும்பத்தின் பத்து வருடத்தைத் தின்ற பிழை. கையில் இருக்கும் காசு கூரை வரைக்கும் போகுமா என்று பார்க்காமல் அத்திவாரத்தைப் பெருப்பிப்பது. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கே வன்னியில் வீடு கட்டிய எவரைக் கேட்டாலும் இப்படி ஒரு வீட்டையாவது காட்டுவார்கள்.

எங்கள் ஊர் முரசுமோட்டை, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் இருக்கிறது. 2010இல் திரும்பி வந்து தறப்பாளுக்குள்ளும் பிறகு தகரக் கொட்டிலுக்குள்ளும் இருந்தோம். போரில் வீடிழந்தவர்களுக்கு இந்திய அரசு காசு கொடுத்த வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, 5,50,000. காசு மொத்தமாக வராது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த பகுதி நம் வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டை நாமே ஆள் பிடித்துக் கட்ட வேண்டும். சுமார் 550 சதுர அடி அளவு. விரும்பினால் சொந்தக் காசைப் போட்டுப் பெருப்பிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆபத்து இருந்ததும் அந்த இடத்தில்தான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வளவில் இருக்கும் மாமி வீட்டுக்கும் ஒரே கிழமையில்தான் அத்திவாரம் குறித்தார்கள். 2013 தொடக்கம் அது. மாமி அப்பாவின் தங்கச்சி. இரண்டு வீட்டுக்கும் ஒரே மேசன் (கொத்தனார்), ஒரே உதவித்தொகை, ஒரே கடையில் சீமெந்து. எங்களுக்கு அப்பா இல்லை. அங்கே மாமா இருந்தார், உழைக்கக் கூடியவர். யாரைக் கேட்டிருந்தாலும் அவர்களுடைய வீடுதான் முதலில் முடியும் என்று சொல்லியிருப்பார்கள்.

மேசன் மூலைக்கு மூலை கட்டை அடித்து நூல் இழுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, வாழ்நாளில ஒருக்காத்தான் வீடு கட்டுறது. நாலு பக்கமும் மூண்டு மூண்டு அடி தள்ளிப் போடுவம். கல்லு கொஞ்சம்தான் கூடும்."

"கூரைக்கு எவ்வளவு கூடும் தம்பி?"

"அது பிறகு பாப்பம் அக்கா. முதல்ல எழும்பட்டும்."

"எனக்கு முதல்ல கூரையைச் சொல்லு."

அவர் சொல்லவில்லை. அம்மா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, தள்ளி அடித்திருந்த கட்டையை அடியோடு தட்டி எடுத்து, பழைய இடத்தில் வைத்துப் பின்பக்கத்தால் அடித்தார். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மச்சாளுக்குப் பயம்" என்றார். அன்று பின்னேரம் மாமி வளவில் கட்டைகள் மூன்று அடி தள்ளிப் போயின.

மேசன் பொய் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் சொன்னது சரிதான், கல்லுக்கு மட்டும் சரி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 22 அடிக்கு 25 அடி என்று வைப்போம். நாலு பக்கமும் மூன்று அடி தள்ளினால் 28க்கு 31. வெளிச்சுவரைச் சுற்றி அளந்தால் முன்பு 94 அடி, இப்போது 118 அடி. கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் பரப்பு 550 சதுர அடியிலிருந்து 868க்குப் போகிறது, ஒன்றரை மடங்குக்கும் மேலே. கூரை பரப்பின் கணக்கில்தான் வரும். நிலத்துக்குப் போடும் சீமெந்தும் அப்படித்தான். அகலம் கூடினால் வளை நீளும், நீண்ட வளை தொய்யாமல் இருக்கத் தடிப்பான மரம் வேண்டும், ஓடும் அதைத் தாங்கும் சிலாகையும் கூட வேண்டும். மேசனுடைய வேலை சுவரோடு முடிந்துவிடும். கூரையின் விலையைச் சொல்ல வேண்டியவர் தச்சர், அவரோ அத்திவாரம் குறிக்கும் நாளில் வளவுக்கே வருவதில்லை.

மாமி வீட்டில் நடந்தது இதுதான். பெரிய அத்திவாரம் முதல் பகுதிக் காசை முழுதாக விழுங்கியது, அப்படியும் முடியவில்லை. முடியாவிட்டால் உத்தியோகத்தர் எழுதித் தரமாட்டார், எழுதாவிட்டால் அடுத்த பகுதி வராது. மாமி காப்பையும் தாலிக்கொடியையும் அடைவு வைத்து அத்திவாரத்தை முடித்தார். அந்த வருடம் ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சடாரென்று விழுந்தது. வட்டி ஏற ஏற, மீட்பதற்குக் கட்ட வேண்டிய தொகை நகையின் பெறுமதியைத் தாண்டிவிட்டது. மீட்காமல் விட்டார்கள், ஏலத்தில் போனது. இன்றைக்கு ஒரு பவுண் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சுவர் கதவு யன்னலுக்கு மேலே வரும் லின்டல் மட்டம் வரை எழும்பி நின்றது. காசு தீர்ந்த நேரத்தில் பொருள் விலையும் ஏறியிருந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினால் வேறு என்ன நடக்கும்? மேசன் கூலி, மரம், மணல் எல்லாம் மாதத்துக்கு மாதம் கூடின.

மணல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை, கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும். கனகராயன் ஆற்றுக் கரையில் பிறந்தவர்கள் நாங்கள். கொட்டிலுக்கு மண் மெழுகக்கூட அந்த ஆற்று மணலைத்தான் கடகத்தில் அள்ளி வந்தோம். வீடு கட்டத் தொடங்கியதும் அதே மணலுக்கு அனுமதி, அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம். அம்மா ஒரு அலுவலகத்தின் வாங்கில் காலையிலிருந்து பின்னேரம் வரை இருந்திருக்கிறார். இரவானால் எங்கள் படலையைத் தாண்டி ரிப்பர் லொறிகளில் மணல் வெளியே போகும். வீதி குழியும் குண்டுமாகி, ஆற்றங்கரை இடிந்து, தென்னைகள் சரிந்தன. ஊர்ப் பெண்ணுக்குக் கடிதம் கேட்டவர்கள் அந்த ரிப்பர்களிடம் என்ன கேட்டார்கள்? இதைக் கேட்டால் "பழைய கதை" என்கிறார்கள். கரை இன்னும் இடிந்துதான் கிடக்கிறது.

சரி, மாமி வீட்டுக்கு வருகிறேன்.

வங்கியில் பெரிய கடன் எடுக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல சொந்த உறுதி எழுதிய காணிகள் அல்ல, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அதனால் நகை போன பிறகு மிஞ்சியது நுண்கடன் கம்பனிகளின் குழுக்கடன்தான். பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கு ஆள் பிணை நிற்க வேண்டும், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுடையதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். எங்கள் மாமரத்துக்குக் கீழேதான் கூட்டம் நடக்கும். காசு எடுக்க வருகிற பொடியன் மோட்டார் சைக்கிள் தாங்கியின் மேல் கொப்பியை விரித்து வைத்திருப்பான். முழுக் காசும் சேரும்வரை போகமாட்டான். மாமி இடுப்பில் செருகிய துணிப்பையிலிருந்து சுருட்டிய தாள்களை எடுத்து, ஒன்றொன்றாக நீவி, இரண்டு தரம் எண்ணிக் கொடுப்பார். அது தோட்டத்து மிளகாய் விற்ற காசாக இருக்கும், அல்லது இன்னொரு கம்பனியில் அதற்கு முதல் நாள் எடுத்த கடனாக இருக்கும்.

வட்டி எவ்வளவு என்று அப்போது யாரும் விளங்கச் சொல்லவில்லை. பிறகு 2018 முடிவில் மத்திய வங்கி இந்தக் கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச எல்லை போட்டது. எல்லையே 35 என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நிலுவையாகிக் கிடந்த கடன்களுக்குத்தான் அது. மாமி ஒரு கிழமையும் தவறவிடாதவர். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தாவது கட்டியவர். அவருக்கு ஒரு சதமும் கழிக்கப்படவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அவர் எங்கள் குசினி வாசலில் வந்து இருந்த இருப்பை என்னால் மறக்க முடியாது. அழவில்லை. "நான் ஒழுங்காக் கட்டினதுதான் பிழையோ அண்ணி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

இங்கே சிலர், "பேராசைப்பட்டார்கள், பட்டார்கள்" என்று எழுதக் கூடும். அப்படி எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். போர் முடிந்த நேரம் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் பிள்ளைகளோடு படுத்து எழும்பிய ஒருவருக்கு, சொந்த வளவில் முதல் முறை நூல் இழுக்கும்போது இன்னும் மூன்று அடி வேண்டும் என்று தோன்றுவதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். அதோடு மகளின் சீதனக் கணக்கும் இருந்தது. இரண்டு அறை வீட்டைச் சீதனமாக வாங்க எவரும் வரமாட்டார்கள் என்று மாமாவிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர் ஒருவரும் வளவைச் சுற்றிப் பார்த்து, "பெரிசாப் போடுங்கோ, நான் கூரைக்கு அனுப்புறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வரவில்லை. அவருக்கு அங்கே என்ன கஷ்டமோ தெரியாது, அவரையும் நான் திட்ட வரவில்லை. ஆனால் வாயால் வந்த காசை நம்பிக் கட்டையைத் தள்ளி அடிக்கக் கூடாது.

அதேபோல் எல்லாரும் சின்ன வீட்டில் இருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் வீடு ஒடுக்கம்தான். படிக்கிற காலத்தில் விறாந்தையில் இருந்துதான் படித்தேன். விருந்தினர் வந்தால் தம்பி வெளியில் படுப்பான். அம்மாவைச் சின்னப் புத்திக்காரி என்று சொன்னவர்கள் இருந்தார்கள், அது அம்மாவின் காதுக்கும் வந்தது. ஆனால் 2013 முடியும் முன்பே ஓட்டுக் கூரைக்குக் கீழே, யாருக்கும் ஒரு சதம் கடனில்லாமல் படுத்தோம். அம்மா அதிகமாகச் செலவழித்தது உயரத்துக்கு மட்டும். மேசனிடம் சொல்லி அத்திவாரத்துக்கு மேலே கூடுதலாக இரண்டு வரிசைக் கல் வைப்பித்தார். இரணைமடுக் குளத்தின் கீழே இருக்கிறோம், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் எங்கே வரும் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 2018 டிசம்பரில் குளத்தின் கதவுகளைத் திறந்த அந்த இரவு, விடியும்போது எங்கள் வளவு முழுக்க வெள்ளம். கடைசிப் படி மூடியது, வீட்டுக்குள் வரவில்லை. மாமி குடும்பமும் அன்று எங்கள் விறாந்தையில்தான் இருந்தார்கள். இந்த அம்மாவின் பிள்ளை என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

மாமி வீட்டில் கடைசியில் பின்பக்க அறை ஒன்றுக்கும் குசினிக்கும் மட்டும் கூரை போட்டார்கள், அதுவும் ஓடு அல்ல, சீற். முன்பக்கம் இன்றும் திறந்தபடி. லின்டலில் நீட்டி விட்ட கம்பிகள் துருவேறி உதிர்கின்றன. நடு அறைக்குள் ஒரு பப்பாசி மரம் நின்று காய்க்கிறது. 2022இல் சீமெந்து விலை போன போக்கில் மிச்சத்தைக் கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். மகள் திருமணமாகி வவுனியாவில் இருக்கிறாள், சீதனமாக வீடு கேட்காத நல்ல இடம். கடன்கள் அடைந்துவிட்டன. மாமியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது பிள்ளை, கட்டப் போற ஆக்களுக்கு உதவும்" என்றார்.

ஆகவே நீங்கள் நூல் இழுக்கும் முன் தச்சர் ஒருவரை வளவுக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். இந்த அளவுக்கு வளை எத்தனை, சிலாகை எத்தனை அடி, மரம் பனையா வேறா, ஓடு எத்தனை, கூலி எவ்வளவு என்று கடதாசியில் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை வேறாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை அடிக்கு அத்திவாரம் போடலாம் என்று அதற்குப் பிறகு மேசனிடம் கேளுங்கள். பின்னொரு காலத்தில் அறை கூட்டும் எண்ணம் இருந்தால், எந்தப் பக்கம் கூட்டுவீர்கள் என்று இப்போதே சொல்லி, அந்தப் பக்கச் சுவரில் யன்னலைக் கதவின் அகலத்துக்கே வைக்கச் சொல்லுங்கள், பிறகு யன்னலுக்குக் கீழே உள்ள சுவரை உடைத்தால் வாசலாகிவிடும். எங்கள் மேற்குச் சுவரில் அம்மா அப்படித்தான் வைப்பித்தார். தம்பி இப்போது அந்தப் பக்கம் ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறான். ஓடும் மரமும் வாங்கி வந்து கொட்டிலில் அடுக்கிய பிறகுதான் மேசனைக் கூப்பிட்டான்.